எஞ்சின் எண்ணெயின் எண்களும் நம் குடியானவர்களும்

நிலமுடைய குடியானவர் எவரும் விதை வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கேளாமல் வாங்குவதில்லை. உரம் வாங்கும்போது மூட்டையின்மேல் அச்சிட்டிருக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து இவற்றின் வீதத்தைப் பாராமல் பணம் கொடுப்பதில்லை. மாடு வாங்கும்போதோ பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, இரண்டு சந்தை அலைந்த பிறகே விலை பேசுகிறோம். இவ்வளவு விசாரணையுடைய நம் ஜனங்கள், பல லட்சம் ரூபாய் கடன்பட்டு வாங்கிய டிராக்டருக்கு எண்ணெய் வாங்கும்போது மாத்திரம், "நல்ல எண்ணெயாய், கெட்டியாய்ப் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை ஊற்றிக்கொண்டு போகிறார்கள். டப்பாவின்மேல் பெரிதாய் அச்சிட்டிருக்கும் எண்களும் எழுத்துக்களும் எதைக் குறிக்கின்றன என்று கேட்பவர் நூற்றில் சிலரே. இவ்வழக்கம் மாற வேண்டுமென்பதும், மாறுவதற்குப் பெரும் படிப்பொன்றும் வேண்டுவதில்லை என்பதுமே இவ்வியாசத்தில் நான் வற்புறுத்த விரும்புவது.

நம் பக்கத்தில் யந்திரமும் தோலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் புது வழியில் இறங்கின என்பதைப் பலர் அறியார். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் சென்னையில் எஞ்சினியரிங் ஆசிரியராயிருந்து கைத்தொழில் விருத்திக்கு உழைத்த ஆல்பிரட் சாட்டர்டன் என்பவரே, குரோம் உப்பினால் தோல் பதனிடும் முறையை இம்மாகாணத்தில் பரீட்சித்தவர். கிணறுகளில் கவலை ஏற்றத்துக்குப் பதிலாய் எண்ணெய் எஞ்சின் வைத்து நீரிறைக்கும் முறையைக் குடியானவர்களிடையே பரப்ப முயன்றவரும் அவரே. அதன் பின்னர் மின்சாரம் வந்தது. 1990-ஆம் வருஷத்தில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரமும் வந்தது. கிணற்றடியிலிருந்த எஞ்சின்கள் பெரும்பாலும் நின்றுபோயின. ஆயினும் எஞ்சின்களின் தொகை குறைந்துவிடவில்லை. கிணற்றடியை விட்டு வயலுக்குள் இறங்கிவிட்டன என்றே சொல்ல வேண்டும். டிராக்டர், பவர் டில்லர், அறுவடை யந்திரம், களையெடுக்கும் கருவி, மருந்து தெளிக்கும் விசைத்தெளிப்பான், மின்சாரம் நின்றபோது ஓட்டும் ஜெனரேட்டர் ஆகிய இவையெல்லாம் எண்ணெயை நம்பி ஓடுபவை. வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கங்களில் ஒரே டிராக்டர் காலையில் உழுது, பகலில் கரும்போ செங்கல்லோ ஏற்றி, கோடையில் தண்ணீர் டாங்கியும் இழுப்பதைக் காண்கிறோம். இவ்வளவு உழைக்கும் யந்திரத்துக்கு எண்ணெயின் பொருத்தம் அற்ப விஷயமன்று.

எண் குறிப்பது யாது?

ஒரு திரவம் ஓடுவதை அத்திரவமே எவ்வளவு தடுக்கிறதோ அத்தடையைப் பாகுத்தன்மை என்கிறோம். தண்ணீருக்கு அது மிகக் குறைவு. நல்லெண்ணெய்க்குச் சற்று அதிகம். விளக்கெண்ணெய்க்கு மிக அதிகம். ஆனால் இத்தன்மை உஷ்ணத்துக்குத் தக்கபடி மாறுவது. மார்கழி விடியற்காலையில் புட்டியைக் கவிழ்த்தாலும் இறங்கத் தயங்கும் விளக்கெண்ணெய், அடுப்பில் ஏற்றினால் தண்ணீர்போல் தெளித்தோடுவதை வீட்டிலுள்ள பெண்மக்கள் அறிவார்கள். ஆகையால் எவ்வெண்ணெயையும் கெட்டி என்றோ இளகல் என்றோ வெறுமனே சொல்வது பொருளற்றது. எந்த உஷ்ணத்தில் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்காக ஏற்பட்ட அளவே எஸ்.ஏ.இ. எண். 1905-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மோட்டார் எஞ்சினியர்கள் கூடி ஏற்படுத்திய சங்கத்தின் பெயரின் முதலெழுத்துக்கள் இவை. அச்சங்கத்தார் 1911-ஆம் வருஷம் முதல் எண்ணெய்களை வகுத்து, காலத்துக்கேற்பத் திருத்தி வருகிறார்கள். 30, 40, 50 என்னும் எண்கள் எண்ணெயின் எடையுமல்ல, தரமுமல்ல, கலப்பின் வீதமுமல்ல. எஞ்சின் சூடேறி வேலை செய்யும் நிலைக்குச் சமானமாய் 100 டிகிரி உஷ்ணத்தில் அவ்வெண்ணெய் எவ்வளவு பாகாயிருக்கிறது என்பதற்கு வைத்த வகுப்புப் பெயர்களே அவை. அவ்வுஷ்ணத்தில் 9.3 சென்டிஸ்டோக்குக்குக் குறையாமலும் 12.5-ஐ எட்டாமலும் இருப்பது 30, 12.5 முதல் 16.3-க்குள் இருப்பது 40, 16.3 முதல் 21.9-க்குள் இருப்பது 50. ஆகவே 50-ஆம் எண் எண்ணெய் 40-ஆம் எண் எண்ணெயைவிடக் கெட்டியானது என்று சொல்லலாமேயன்றி உயர்ந்தது என்று சொல்லலாகாது. ஒன்பது முழ வேட்டி எட்டு முழ வேட்டியைவிட நீளமானது. நெசவில் உயர்ந்தது என்பது அதனால் ஏற்படாது.

நிற்க, இப்போது கடைகளில் மிகுதியாய்க் கிடைப்பவை 15டபிள்யூ–40, 20டபிள்யூ–40 என்று இரட்டை எண்ணுடையவை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அவ்வெழுத்துக்கு முன்னுள்ள எண், குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது எண்ணெய் எவ்வளவு எளிதில் இடங்கொடுக்கும் என்பதைக் குறிக்கிறது. அவ்வெண் சிறியதாயின் குளிரில் ஓட்டம் எளிது. 20டபிள்யூ என்பதைச் சோதிக்கும் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரி. 15டபிள்யூ என்பதற்கோ பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலுங்கூட அவ்வகைக் குளிர் கிடையாது. பின்னுள்ள 40 என்னும் எண் மேலே சொன்ன 100 டிகிரியின் வகுப்பே. அதாவது, 15டபிள்யூ–40, 20டபிள்யூ–40, தனி 40 ஆகிய மூன்றும் சூடேறிய எஞ்சினில் ஒரே வகுப்பினவாய் நிற்கின்றன; குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் வித்தியாசப்படுகின்றன. குளிரில் சுருண்டும் சூட்டில் விரிந்தும் நிற்கும் ஒருவகைச் சேர்மானத்தை எண்ணெயில் கலப்பதால் இவ்விரட்டைக் குணம் உண்டாகிறது. அச்சேர்மானம் எஞ்சினுக்குள் நாளாக நாளாக நசுங்கித் தேய்வதும், உரிய காலத்தில் எண்ணெயை மாற்றச் சொல்வதற்குள்ள காரணங்களில் ஒன்று.

கெட்டியான எண்ணெயே நல்லதென்னும் எண்ணம்

நம் பக்கத்தில் வேரூன்றிய அபிப்பிராயம், வெயில் கடுமையாதலால் எண்ணெயும் கெட்டியாயிருக்க வேண்டும் என்பது. கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரிக்கு மேல் உஷ்ணம் ஏறுவது வாடிக்கைதான். எனினும் எஞ்சினுக்குள் எண்ணெய் காணும் உஷ்ணம் வெளி வெயிலன்று. தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினில், தெர்மோஸ்டாட் என்னும் கதவு தண்ணீரைப் பெரும்பாலும் 80, 90 டிகிரி அளவில் நிறுத்தி வைக்கிறது. எண்ணெய் அதற்குச் சற்று மேலே நிற்கும். தை மாதத்திலும் சித்திரையிலும் வெளியில் 20 டிகிரி வித்தியாசம் இருந்தாலும், ரேடியேட்டர் சுத்தமாயும் விசிறிவாரு இறுக்கமாயும் இருக்குமளவும் எஞ்சினுக்குள் அவ்வளவு வித்தியாசம் ஏற்படுவதில்லை. ரேடியேட்டரின் கண்களில் வைக்கோல் தூசி அடைத்திருக்க, அதனால் ஏறிய சூட்டுக்கு எண்ணெயைக் கெட்டியாக்கிப் பரிகாரம் தேடுவது, கூரை ஒழுகும்போது பாயை இடம் மாற்றிப் போடுவது போன்றது. காற்றினால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களின் நிலைமை வேறு. அவற்றில் வெளி உஷ்ணம் நேரே தாக்குமாதலால், சில கையேடுகளில் கோடைக்குத் தனி 40 என்று குறித்திருப்பர். அங்கே அதனைப் பின்பற்றுவதே சரி.

கெட்டியான எண்ணெயால் நேரும் தீங்கு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேதான் அது நல்லதென்று தோன்றுகிறது. இராத்திரி முழுதும் நின்ற எஞ்சினில் எண்ணெய் அடித்தொட்டியில் இறங்கிவிடும். காலையில் கிளப்பியதும் பம்பு அதனை உறிஞ்சி, வடிகட்டி வழியாய்க் கிராங்கு பேரிங்குகளுக்கும் மேலேயுள்ள வால்வுகளுக்கும் ஏற்ற வேண்டும். கெட்டியான எண்ணெய் அங்கே போய்ச் சேரத் தாமதிக்கிறது; அத்தாமதத்தில் உலோகத்தின்மேல் உலோகம் உராய்கிறது. மேலும் வடிகட்டி வழியாய் எளிதில் புகாத எண்ணெயை, அழுத்தத்துக்கஞ்சி வைத்திருக்கும் பக்கவழி வால்வு திறந்து, வடிகட்டாமலே உள்ளே அனுப்பிவிடுகிறது. உலோகத் துகளும் கரியும் அதனோடு போகின்றன. எண்ணெய் அழுத்தங்காட்டும் முள் மட்டும் மேலே ஏறி நிற்கும். அதைக் கண்டு சொந்தக்காரர் மகிழ்கிறார். முள் காட்டுவது எண்ணெய் ஓடுவதற்குள்ள தடையையேயன்றி, பேரிங்குக்குப் போய்ச் சேர்ந்த எண்ணெயின் அளவை அன்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பேரிங்கின் நெருக்கத்தில் எண்ணெய் படும் பாட்டை ஒட்டி, 150 டிகிரி உஷ்ணத்தில் வேகமாய் நசுக்கிப் பார்க்கும் சோதனை ஒன்றுண்டு. அதில் 15டபிள்யூ–40, 20டபிள்யூ–40, தனி 40 ஆகியவை 3.7 மில்லிபாஸ்கல்–செகண்டுக்குக் குறையக்கூடாதென்பது விதி. 50-ஆம் எண்ணுக்கு விதித்த குறைந்த அளவும் அதே 3.7 தான். ஆகவே பாதுகாப்பு என்னும் பெயரால் 40-ஐ விட்டு 50-ஐத் தேடுவோர் அவ்விதியின் மூலம் அதிகமாய் ஒன்றும் உறுதி பெறுவதில்லை.

செலவுக் கணக்கையும் பார்க்கலாம். 40 குதிரைச்சக்தி அளவுள்ள டிராக்டருக்கு ஒரு தடவை ஊற்றும் எண்ணெய் பெரும்பாலும் 6 முதல் 8 லிட்டர். அதை மாற்றும் தவணை பல கையேடுகளில் 250 மணி. மணிக்கு 3 அல்லது 4 லிட்டர் வீதம் அத்தவணைக்குள் எரியும் டீசல் 750 முதல் 1,000 லிட்டர். கெட்டியான எண்ணெயைக் கலக்கி ஓட்டும் சிரமத்தால் நூற்றில் ஒரு பங்கு டீசல் கூடுதலாய்ச் செலவாயிற்று என்று வைத்துக்கொண்டாலும், அதுவே ஏழெட்டு அல்லது பத்து லிட்டர் ஆகிறது. அதாவது ஊற்றிய எண்ணெயின் அளவுக்குச் சமமான டீசல், ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் புகையாய்ப் போகிறது.

மெக்கானிக்குகள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. ரிங்கும் பேரிங்கும் தேய்ந்த பழைய எஞ்சினில் இடைவெளிகள் அகன்றிருக்குமாதலால், ஒரு படி கெட்டியான எண்ணெய் ஊற்றினால் அழுத்தம் சற்று நிற்கும், எண்ணெய் எரிந்து நீலப்புகை விடுவது சற்று அடங்கும். அறுவடை முடியும்வரை சமாளிக்க அது உதவலாம். ஆனால் அது முடவனுக்குக் கொடுத்த ஊன்றுகோல். கால் குணமானதாய் ஆகாது. தேய்ந்த எஞ்சினுக்குச் சொன்ன பரிகாரத்தைப் புதிய எஞ்சினுக்கும் செய்வதே நம் ஊர்களில் நடந்து வரும் தவறு.

எண்ணும் எழுத்தும்

எண்ணை மட்டும் பார்த்து எழுத்தை விட்டுவிடுவது இன்னும் பெரிய ஆபத்து. டப்பாவில் ஏ.பி.ஐ. என்று தொடங்கி, சி.எஃப்.4, சி.எச்.4, சி.ஐ.4 என்றாவது, எஸ்.எல்., எஸ்.என். என்றாவது அச்சிட்டிருக்கும். முதலெழுத்து சி. எனில் டீசல் எஞ்சினுக்கு ஏற்பட்டது, எஸ். எனில் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏற்பட்டது. டீசலில் உண்டாகும் கரியைத் தாங்கி வைத்திருக்கவும், கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தை அடக்கவும் வேண்டிய சரக்குகள் சி. வகை எண்ணெயில் சேர்க்கப்பட்டுள்ளன. சி.எச்.4 என்பது 1998-லும், சி.ஐ.4 என்பது 2002-லும், சி.ஜே.4 என்பது 2006-லும், சி.கே.4 என்பது 2016-லும் வந்தவை.

இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் எண்ணெயிலும் 20டபிள்யூ–40 என்னும் எண் உண்டு. டிராக்டருக்கு விற்பதிலும் அதே எண் உண்டு. "எண் ஒன்றாயிருக்கிறதே" என்று மலிவாய்க் கிடைத்த மோட்டார் சைக்கிள் எண்ணெயை டிராக்டரில் ஊற்றுவோரும், மீந்த டிராக்டர் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவோரும் இருக்கிறார்கள். முன்னதில் டீசலின் கரி தங்குமிடமின்றிப் படிகிறது; பின்னதில் எண்ணெயில் நனைந்தே ஓடும் கிளட்சு வழுக்கக்கூடும். இதனை நம் ஆம்பூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. தோல் பதனிடும் சாலையில் காலணியின் மேல்தோலுக்கு ஏற்றும் எண்ணெய் வேறு, அடித்தோலுக்கு வேறு, கையுறைத் தோலுக்கு வேறு என்பதை அங்கு வேலை செய்யும் சிறுவயதினரும் அறிவார்கள். தோலுக்குத் தோல் எண்ணெய் பார்க்கும் ஊரில் எஞ்சினுக்கு எஞ்சின் பார்க்கக் கூடாதா?

மற்ற கருவிகளைப்பற்றிச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். சிறிய பெட்ரோல் களையெடுக்கும் கருவிகளுக்குப் பெரும்பாலும் 10டபிள்யூ–30 குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு வீச்சு எஞ்சினுள்ள விசைத்தெளிப்பான்களில் எண்ணெயைப் பெட்ரோலுடன் கலந்தே ஊற்ற வேண்டும். அதற்கு 2டி என்னும் தனி எண்ணெய் உண்டு. கியர் பெட்டியின் எண்ணெயில் காணும் 90, 140 என்பவை வேறு அட்டவணையின் எண்கள். 90-ஆம் எண் கியர் எண்ணெய் 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்குக்குள் நிற்பது. அதாவது எஞ்சின் எண்ணெயின் 40, 50 வகுப்புகளுக்கு ஏறக்குறையச் சமானம். 90 என்பதைக் கண்டு 40-ஐப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட கெட்டி என்று எண்ணுவதும், அதனை எஞ்சினில் ஊற்றுவதும் அறியாமையால் நேர்பவை. எண்ணெயில் மூழ்கிய பிரேக்குள்ள டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் பிரேக்குக்கும் பொதுவான தனி எண்ணெய் உண்டு. அவ்விடத்தில் எஞ்சின் எண்ணெய் ஆகாது. 2023-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் சுமார் 50 குதிரைச்சக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்துள்ளன. அவற்றில் புகைவடிகட்டி பொருத்தியிருப்பின், அதனைச் சாம்பலால் அடைக்காத எண்ணெயையே கையேடு கோரும். பழைய டிராக்டருக்கு ஊற்றியதே போதும் என்று இருந்துவிடலாகாது.

எண்ணெயைக் கண்ணால் பார்த்து அறிதல்

எண்ணெய் கறுத்துப்போவதைக் கண்டு கெட்டுவிட்டதென்று சிலர் கலங்குகிறார்கள். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெயும் சில மணி ஓட்டத்திலேயே கறுக்கும். கரியைத் தன்னிடம் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதே அதற்குப் பொருள். கவனிக்க வேண்டியவை வேறு. அளவுக் கம்பியில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஊற்றாமலே அளவு ஏறியும் இளகி டீசல் நாற்றம் வீசியும் இருந்தால் டீசல் கசிகிறது. எண்ணெயின் எண் என்னவாயிருந்தாலும் அது இனி அந்த எண்ணன்று. களிபோல் தடித்திருந்தால் தவணை கடந்துவிட்டது. இவற்றுள் எதைக் கண்டாலும் எஞ்சினை நிறுத்தி, காரணத்தைத் தேடிய பின்பே ஓட்ட வேண்டும்.

எண்ணெய் எவ்வளவு சரியாயிருந்தாலும் காற்றுவடிகட்டியைக் கவனியாதவருக்குப் பயனில்லை. நிலக்கடலை அடிக்குமிடத்திலும், பாலாற்றோரத்து மணற்பாதையிலும் பறக்கும் நுண்ணிய மணல் எஞ்சினுக்குள் போனால் அரத்தால் அராவியதுபோல் தேய்த்துவிடும். எண்ணெய்த் தொட்டியுள்ள காற்றுவடிகட்டியாயின், புழுதி வேலைக் காலத்தில் அதனைக் கையேட்டில் கண்டபடி அடிக்கடி கழுவி எண்ணெய் மாற்ற வேண்டும்.

பழைய எண்ணெயும் நம் கிணறுகளும்

இனி, எஞ்சினிலிருந்து இறக்கிய எண்ணெயைப்பற்றிச் சொல்ல வேண்டும். வேறு ஜில்லாவில் இதை விட்டுவிட்டாலும் விடலாம். நம் பக்கத்தில் விட முடியாது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்த்து, தென்னையும் நெல்லும் இருந்த நிலங்கள் பாழானதை நாம் கண்ணாரக் கண்டோம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென்று தீர்ப்பளித்தது. நஷ்டமடைந்த குடியானவர்களைக் கணக்கெடுத்து ஈடு கொடுக்க அவ்வருஷமே ஓர் அதிகார சபையும் ஏற்பட்டது. பாலாற்றின் விஷயம் 2025-ஆம் வருஷம் ஜனவரியிலும் அந்நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு உரியதாயிற்று. பிறர் கெடுத்த நீருக்காக இத்தனை காலம் நியாயம் கேட்ட நாம், நம் கையாலேயே கிணற்றடியில் பழைய எண்ணெயைக் கொட்டலாமா?

ஒரு வண்டியிலிருந்து ஒரு தடவை இறக்கும் எண்ணெய் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர், நல்ல நீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா எச்சரித்துள்ளது. செல்லரிக்காமலிருக்கக் கதவுக்கும் வேலிக்கம்பத்துக்கும் பூசுவதும், சென்டரிங் பலகைக்குத் தடவுவதும், சூளையில் எரிப்பதும் நம்மிடையே வழக்கம். எஞ்சினில் வெந்த எண்ணெயில் உலோகத்துகளும் புற்றுநோய்க்கு ஏதுவான பொருள்களும் சேர்ந்திருக்கின்றன. வெறுங்கையால் அதைத் தொடுவதே நல்லதன்று. மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் பூசினால் மாடு நக்கும். ஆனால் இப்பழைய எண்ணெய் வீணான பொருளுமன்று. முறையாய்ச் சுத்திகரித்தால் மறுபடியும் மசகெண்ணெய் ஆகும். 2024-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, எண்ணெய் உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் பழைய எண்ணெயைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பப் பொறுப்பாக்கப்பட்டிருக்கிறார்கள். ஆயினும் ஊரில் ஒரு பீப்பாய் வைத்துச் சேர்ப்பார் இல்லாமல் அவ்விதி நம் தெருவுக்கு வந்து சேராது.

செய்ய வேண்டுவன

நிலச்சொந்தக்காரர்கள் முதலில் செய்யத்தக்கது, யந்திரத்தோடு வந்த கையேட்டை எடுத்து, அதில் குறித்த எண்ணையும் எழுத்தையும் பார்த்து, எண்ணெய் ஊற்றும் மூடியருகே பெயிண்டினால் எழுதிவைப்பது. டிரைவர் மாறினாலும், மகன் ஓட்டினாலும், இரவல் கொடுத்தாலும் அவ்வெழுத்து மாறாது. இரண்டாவது, முத்திரை உடையாத டப்பாவாகவே வாங்குவதும், அதற்கு ரசீது கேட்பதும். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் எண்ணெய்க்கு எண்ணும் இல்லை, எழுத்துக்கு ஜாமீனும் இல்லை. மூன்றாவது, எண்ணெய் மாற்றிய தேதியையும் மணிக்கணக்கையும் ஒரு சிறு நோட்டில் குறித்துவைப்பது. கையேடு 15டபிள்யூ–40, 20டபிள்யூ–40 இரண்டையும் அனுமதித்தால், எழுத்து உயர்ந்ததாயிருப்பதை எடுக்கலாம். எழுத்தும் ஒன்றாயிருந்தால் சமவெளியில் எதுவும் ஆகும். ஏலகிரி, ஜவ்வாது மலைக்காரர்கள் 15டபிள்யூ–40 எடுப்பது கிளப்புவதற்கு நலம்.

இவையெல்லாம் தனி மனிதர் கடமை. ஆனால் குற்றத்தை முழுதும் குடியானவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம். டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். கையேடு தமிழில் இருந்தாலும் விற்பவர் அதைப் பிரித்துக் காட்டுவதில்லை. வாடகைக்கு யந்திரம் எடுப்பவரோ அதைக் கண்ணாலும் காண்பதில்லை. யந்திரத்துக்கு மானியம் கொடுக்கும்போது கையெழுத்து வாங்க எத்தனையோ தாள்கள் நீட்டும் நாம், எந்த எண்ணெய் ஊற்ற வேண்டுமென்று ஒரு தாள் கொடுத்தால் குறைந்துபோகாது. ஆகையால், வேளாண்மைப் பொறியியல் இலாகாவும், யந்திர வாடகை நிலையங்களும், கூட்டுறவுச் சங்கங்களும் தங்கள் வாசலில் எந்த யந்திரத்துக்கு எந்த எண், எந்த எழுத்து என்று பெரிய தமிழெழுத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். மானிய யந்திரம் ஒப்படைக்கும் நாளில் உரியவரைக்கொண்டே எண்ணெயின் அளவு பார்க்கவும், எண்ணை வாசிக்கவும் செய்விக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளையும் ஊராட்சி நிர்வாகிகளையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. ஊருக்கு ஒரு மூடிய பீப்பாய் நிழலான இடத்தில் வைத்து, இறக்கிய எண்ணெயை அதிலேயே சேர்க்கச் செய்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம் ஒப்படைத்து, கிடைக்கும் தொகையை ஊர்ப்பொதுவில் சேர்க்கட்டும். மெக்கானிக் ஷெட்டு உள்ள தெருவிலிருந்தே இதைத் தொடங்கலாம். பெருஞ்செலவில்லை, சட்டத்துக்குக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை.

மாடு பூட்டிய காலத்தில் வண்டிக்கு மை போடாமல் ஓட்டினவனை ஊரார் பழித்தார்கள். அச்சு கிறீச்சிட்டால் அடுத்த வீட்டுக்காரனே கேட்டுவிடுவான். எஞ்சினோ கிறீச்சிடாது, வாய் திறவாமல் தேய்ந்து, தவணை கட்டி முடிவதற்கு முன்பே நின்றுவிடும். அப்போது ரிங்கும் லைனரும் மாற்ற மறுபடியும் கடன் வாங்குவதற்குப் பதில், இன்று கடையில் டப்பாவைக் கையிலெடுத்து, எண்ணையும் எழுத்தையும் வாசித்துப் பார்ப்பதில் நஷ்டம் என்ன? நிலத்துக்கு ஏற்ற விதை என்று பார்க்கும் கண், யந்திரத்துக்கு ஏற்ற எண்ணெய் என்றும் பார்க்கப் பழகுமானால், யந்திரமும் நிலைக்கும், கிணற்று நீரும் நிலைக்கும்.